லடாக்குக்கு ஓட்டிப் போவதா, பைக்கை ரயிலில் ஏற்றி அனுப்புவதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். லடாக்குக்கு ஏறும் மணாலி–லே சாலையில் பனி அள்ளி வழி திறக்கும் காலம் நெருங்குகிறது. ஆயில் மாற்ற வருபவர்கூட, வண்டியை எடுக்கும்போது, "ஏனுங்ணா, லடாக் போலாம்னு இருக்கறேன். இங்கிருந்தே ஓட்டீட்டுப் போயிறலாமா, இல்ல டெல்லி வரைக்கும் ரயில்ல போட்டுறலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார். கடை வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம். கோவையிலிருந்து டெல்லிக்கு ஏறக்குறைய 2,500 கி.மீ. டெல்லியிலிருந்து ஸ்ரீநகர், கார்கில் வழியாக லே போய், நூப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி பார்த்து, மணாலி வழியாக டெல்லிக்கே இறங்கினால் அந்தச் சுற்றும் கிட்டத்தட்ட அதே தூரம்தான் வரும். அதாவது வீட்டு வாசலிலிருந்து ஓட்டிப் போய்த் திரும்புகிறவர் மொத்தம் 7,500 கி.மீ. ஓட்டுகிறார், அதில் மூன்றில் இரண்டு பங்கு சமவெளியில், நான்குவழிச் சாலையில், லாரிகளுக்கு நடுவே.

ஒரு நாளைக்கு 500 கி.மீ. என்று வைத்தாலும் டெல்லி போக 5 நாள், வர 5 நாள். மலைச்சுற்றை நிதானமாக முடிக்க இரண்டு வாரம் வேண்டும். ஆபீஸில் கிடைக்கும் லீவோ பெரும்பாலும் சனி, ஞாயிறெல்லாம் சேர்த்து 15 அல்லது 16 நாள். மீதி நாளை எங்கே பிடிப்பது? இங்கேதான் சிக்கல். நாள் பற்றாதபோது எல்லோரும் முதலில் வெட்டுவது லே-யில் சும்மா இருக்க வேண்டிய நாட்களை. "அங்க போய் ரூம்ல படுத்துக் கெடக்கவா போறோம்?" என்பார்கள். படுத்துத்தான் கிடக்க வேண்டும். லே இருப்பது சுமார் 3,500 மீட்டர் உயரத்தில்; நம்ம கோவை 411 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேலே போனால், இரவு தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்கிறார்கள் மலைநோய் மருத்துவர்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர். காலையில் அங்கே கிளம்பி, ராத்திரி லே போகும் வழியில் உள்ள சர்ச்சுவில் கூடாரத்தில் படுத்தால், ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். அதற்கு முன்பே ஐந்து நாள் நெடுஞ்சாலையில் வெயிலில் காய்ந்து, சரியாகத் தண்ணீர் குடிக்காமல் வந்த உடம்பு என்றால் கேட்கவே வேண்டாம். ஜூன் முதல் வாரத்தில் நாக்பூரிலிருந்து குவாலியர் வரை 44 டிகிரி சாதாரணம். ஹெல்மெட்டுக்குள் வரும் காற்றே அடுப்பங்கரைக் காற்றாகத்தான் இருக்கும்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: 20 நாளுக்குக் குறைவாக லீவு இருந்தால் போகும்போது வண்டியை ரயிலில் ஏற்றிவிடுங்கள். மிச்சமாகும் நாட்களை மலையில் செலவழியுங்கள். ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள். அந்த வழியில் உள்ள சோஜி லா கணவாய் 3,528 மீட்டர்தான், கார்கிலில் ஒரு ராத்திரி தங்கலாம், உயரம் படிப்படியாகக் கூடும். மணாலி வழியாக இறங்குங்கள்.

பணத்தைக் கணக்குப் போட்டு முடிவெடுப்பவர்களும் உண்டு. லிட்டருக்கு 30, 35 கொடுக்கும் வண்டிக்கு டெல்லி வரை 70 முதல் 80 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் ஒரு வழிக்கே ஏழாயிரம், எட்டாயிரம். நாலு ராத்திரி லாட்ஜ், சாப்பாடு தனி. ரயில் கட்டணம் தூரம், எடை, எந்த ரயில் என்பதைப் பொறுத்து மாறும். பார்சல் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் டிக்கெட்டையும் பேக்கிங்கையும் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது. பணத்துக்காக எந்தப் பக்கமும் சாய வேண்டாம்.

அப்புறம் வண்டி. பின் டயரை 2,500 கி.மீ. நேர்ச்சாலையில், சுமையோடு, ஒரே வேகத்தில் ஓட்டினால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். அதே டயரோடு மலை வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது, தட்டையான இடத்திலிருந்து ஓரத்துக்கு மாறும் அந்த நொடியில் வண்டி சட்டென்று விழுவதுபோல் இருக்கும். பழகியவர் சமாளிப்பார், புதியவர் பயந்து பிரேக்கைப் பிடிப்பார். செயினும் அப்படித்தான். 500 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து லூப் (செயின் எண்ணெய்) போட வேண்டும். ஓட்டத்தின் நடுவில் பலரும் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள். டெல்லி சேரும்போது செயின் தொங்கும். திரும்பி வந்து ஸ்ப்ராக்கெட்டோடு (பல்சக்கரத்தோடு) செட்டாக மாற்றுவீர்கள், அது எங்களுக்கு வியாபாரம்தான். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

"ஏத்திக் கொண்டு போறவனெல்லாம் ரைடரா?" என்று கிண்டல் செய்யும் நண்பர்கள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். விடுங்கள். மணாலிக்கு மேலே யார் எப்படி வந்தார்கள் என்று சாலை கேட்பதில்லை.

ஒரு மாதம் லீவு இருக்கிறவர்கள், வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் தாராளமாக ஓட்டிப் போகலாம். அந்த வழிக்கும் அழகு உண்டு. சேலத்தில் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்து, ஓசூர், பெங்களூரு தாண்டினால் கர்னூலில் துங்கபத்திரை, தெலங்கானா எல்லைக்குள் கோதாவரி, மத்தியப் பிரதேசத்தில் நர்மதை, மொரேனா தாண்டியதும் சம்பல் என்று ஒவ்வொரு ஆறாகக் கடக்கலாம். நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே பென்ச் காட்டில், புலியும் மானும் கீழே போய்வருவதற்காகச் சாலையையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். சம்பல் கரையின் மண் பள்ளத்தாக்குகளைப் பார்க்கவே அந்த வழியில் ஒருமுறை போகலாம். ஆனால் 300, 350 கி.மீ.யோடு நாளை முடித்துக்கொள்ளுங்கள். காலை 5 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள் முக்கால்வாசி தூரத்தை ஓட்டிவிட்டு, வெயில் தாழும்வரை எங்காவது ஒதுங்குங்கள். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம். விளக்கில்லாத டிராக்டரும், எதிர்த்திசையில் வருகிற வண்டியும் வடக்கே சகஜம்.

இனி ரயில் விஷயம். இரண்டு வகை உண்டு. லக்கேஜ் என்றால் அதே ரயிலில் உங்களிடம் டிக்கெட் இருக்க வேண்டும், வண்டியும் உங்களோடு வரும். பார்சல் என்றால் டிக்கெட் தேவையில்லை, ஆனால் எந்த ரயிலில் இடம் இருக்கிறதோ அதில்தான் ஏறும். எந்த நாள் போய்ச் சேரும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். லடாக் போகிறவர்கள் கூடுமானவரை லக்கேஜாகவே போடுங்கள். கோவையிலேயே கிளம்பி டெல்லி நிஜாமுதீனில் முடியும் கொங்கு எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு நாள் உண்டு. கிளம்பும் இடத்தில் நிதானமாக ஏற்றுவார்கள், முடியும் இடத்தில் நிதானமாக இறக்குவார்கள். வழியில் வந்து சில நிமிடம் நின்று போகும் ரயிலில் அந்த நிதானம் கிடைக்காது. பார்சல் பெட்டியில் இடமில்லை என்றால் வண்டி பிளாட்பாரத்திலேயே நிற்கும். முந்தின நாளே பார்சல் ஆபீஸுக்குப் போய்விடுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை நகல்கள் கையில் இருக்கட்டும், ஒரிஜினலும் இருக்கட்டும்.

டேங்க்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இருக்கக் கூடாது. "கொஞ்சூண்டு இருந்தா என்ன?" என்று கேட்காதீர்கள், தீப்பிடித்தால் பெட்டியே போய்விடும், பிடிபட்டால் அபராதம். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் அடியில் உள்ள கிண்ணத்தையும் வடித்துவிட வேண்டும். இதைக் கடையிலேயே செய்து தருகிறோம்.

பேக்கிங்கை ஸ்டேஷன் வாசலில் உள்ள ஆட்களிடம் விட்டால் வைக்கோல், சாக்கு, சணல் என்று ஐந்து நிமிடத்தில் சுற்றிவிடுவார்கள். சுற்றுவதற்கு முன் நாம் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கண்ணாடி இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிளட்ச் லீவர், பிரேக் லீவர் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி லீவரைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டால், இடித்தாலும் உடையாமல் சுழன்றுகொள்ளும். இண்டிகேட்டர், ஹெட்லைட்டுக்கு ஃபோம் வைத்து அட்டை கட்டுங்கள். டேங்க்கின் இரண்டு பக்கமும் பழைய போர்வை. சைலன்சரில் சாக்கு பட்டால் கறை பிடிக்கும், அங்கேயும் ஒரு அட்டை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். ஹேண்டிலைப் பூட்டாதீர்கள், போர்ட்டர் உருட்ட முடியாமல் தூக்கிப் போடுவார். புறப்படும் ஊர், சேரும் ஊர், பெயர், போன் நம்பர் எழுதிய அட்டையை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கட்டுங்கள். சாக்கின் மேலேயும் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். அட்டை கிழியும், பெயின்ட் போகாது.

ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் டெல்லியில் வண்டியைத் தர மாட்டார்கள். இறங்கியதும் எடுத்துவிடுங்கள்; இலவச நேரம் முடிந்தால் வாடகை ஓட ஆரம்பிக்கும். டேங்க் காலியாக இருப்பதால் பங்க் வரை தள்ள வேண்டியிருக்கும், அதற்கும் ஒரு அரைமணி நேரம் வையுங்கள்.

லாரி பார்சலில் அனுப்பலாமா என்றால், அனுப்பலாம். ஆனால் நடுவில் எத்தனை குடோனில் ஏறி இறங்குகிறது என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு ஏற்றி இறக்கலும் ஒரு கீறல்.

குட்டி யானையில் ஸ்டேஷன் வரையோ, நண்பர்கள் சேர்ந்து பிடிக்கும் வண்டியில் நெடுந்தூரமோ ஏற்றும்போது, ஹேண்டில் நுனியில் கயிறு கட்டாதீர்கள், வளையும். ஹேண்டிலுக்குக் கீழே, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் துணி சுற்றி அதில் பெல்ட்டை மாட்டுங்கள். முன் சக்கரத்தைப் பெட்டியின் முன்சுவரில் முட்டவிட்டு, சைடு ஸ்டாண்டை மடக்கி, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இழுங்கள். ஃபோர்க் பாதி அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கிக் கட்டினால் போய்ச் சேரும்போது சீல் கசியும். கிளம்பி 50 கி.மீ.யில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள், நைலான் கயிறு கட்டாயம் தளர்ந்திருக்கும்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. முழு காப்பீடு எடுத்திருந்தால், சாலை வழியாகவோ ரயில் வழியாகவோ வண்டியை ஏற்றிச் செல்லும்போது நேரும் சேதமும் அதில் அடங்கும். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் கிடையாது. ரயிலில் புக் செய்யும்போது மதிப்பை அறிவித்து அதற்குரிய கட்டணம் கட்டாவிட்டால், தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு கிலோ கணக்கில்தான். வண்டியின் விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

டெல்லியிலோ மணாலியிலோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்கு: வெளியூர் வாடகை பைக்கை லே-யிலிருந்து நூப்ரா, பாங்காங் பக்கம் கொண்டுபோக உள்ளூர் வாடகை பைக் சங்கத்தார் விடுவதில்லை. வாடகை என்றால் லே-யிலேயே எடுங்கள். மச்சான் வண்டி, நண்பர் வண்டி என்று வேறொருவர் பெயரில் ஆர்.சி. உள்ள பைக்கைக் கொண்டு போனாலும் வழியில் நிறுத்தி வாக்குவாதம் செய்வார்கள். சொந்தப் பெயரில் உள்ள வண்டியே உத்தமம்.

ஏற்றி அனுப்பினாலும், ஓட்டிப் போனாலும், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வண்டியைக் கொண்டுவந்துவிடுங்கள். புது டயர், பிரேக் பேட் போட்டால் நம்ம ஊர்ச் சாலையிலேயே 200, 300 கி.மீ. ஓட்டிப் பழக வேண்டும். வால்பாறை ஒருமுறை போய்வந்தால் போதும். சீசனில் சில அளவு டயர்கள் கையில் இருப்பதில்லை, முன்கூட்டியே சொன்னால் வரவழைத்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப்பிலிருந்து
கோவை