சேலத்து ரத்தமும் தட்டில் வளரும் நரம்பணுவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்டெம் செல்லிலிருந்து (உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல்) நரம்பணு வளர்த்து மூளை நோய்களுக்கு மருந்து தேடுவது பற்றிய உங்கள் செய்தியைப் படித்துவிட்டு, ஆத்தூர், ஓமலூர்ப் பக்கத்துப் பெற்றோர் சிலர் "அந்த ஊசியை எங்கே போடுகிறார்கள்?" என்று கேட்கிறார்கள். அப்படி ஓர் ஊசி கிடையாது. ஆட்டிசத்துக்கோ மூளை முடக்குவாதத்துக்கோ ஸ்டெம் செல் செலுத்துவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்கள் சிகிச்சையாக ஏற்கவில்லை. நிலத்தை அடகு வைக்கும் முன் இது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

செய்தியில் வந்த ஆய்வில் நோயாளியின் உடம்புக்குள் எதுவும் போவதில்லை. சுமார் பத்து மில்லி ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனகா 2006-இல் எலியின் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருநிலைக்குத் திருப்பினார்; மறு ஆண்டே மனித செல்லிலும் அது கைகூடியது. அதே வழியில் ரத்த வெள்ளணுவை ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து நரம்பணு வளர்க்கிறார்கள். பெங்களூரில் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸும் வேறு இரு ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து, மனநோய் தலைமுறையாகத் தொடரும் குடும்பங்களின் செல்களை இப்படி வளர்த்து ஆராய்கின்றன.

மாதிரி கெடுவது பெரும்பாலும் வழியில்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துள்ள ஊதா மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் உறைந்து, வெள்ளணுக்கள் கட்டிக்குள் சிக்கிவிடும். எடுத்ததும் ஏழெட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. ஐஸ் பெட்டி வேண்டாம். குழாய் ஐஸைத் தொட்டால் செல்கள் சிதையும். ஏற்காட்டில் எடுத்ததைச் சித்திரை வெயிலில் கார் டிக்கியில் போட்டு இறக்கினாலும் அதே கதிதான். 20 முதல் 25 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்தால் போதும்.

அங்கே ஸ்டெம் செல் வரிசை (ஒரே செல்லிலிருந்து தொடர்ந்து பெருகும் தொகுதி) உருவாகி, குரோமோசோம் சோதனையும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி தொற்றியுள்ளதா என்ற சோதனையும் முடிய மூன்று நான்கு மாதம் பிடிக்கும். நரம்பணுவாக மாற இரண்டு மூன்று வாரம். ஒழுங்காக மின்துடிப்பு விட இன்னும் சில வாரம். செல்களுக்கு உணவாகும் ஊட்ட நீரை ஒரே மூச்சில் மாற்றினால் செல்கள் கொத்தாகத் திரண்டு உரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் பாதியைத்தான் மாற்றுவார்கள். மருந்துகளைச் சோதிக்கும் 384 குழித் தட்டில் ஓரக் குழிகளின் நீர் ஆவியாகி உப்பு ஏறிவிடும். அதைக் கவனிக்காவிட்டால், வேலை செய்யாத மருந்தும் வேலை செய்வதாகத் தோன்றும். மருந்தைக் கரைக்கும் திரவமான டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதத்தைத் தாண்டினால் நரம்பணு அதனாலேயே வாடக்கூடும்.

ஒப்பீட்டுக்கு அண்டை வீட்டாரின் செல் போதாது. அதே நோயாளியின் செல்லில் பிழையான மரபணுவை மட்டும் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியால் திருத்தி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தச் செலவைக் குறைத்த ஆய்வுகளை நாங்கள் நம்புவதில்லை.

பலன் உண்டா? ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் சாகும் நோய்) நோயாளிகளின் இயக்க நரம்பணுக்கள் தட்டில் அளவுக்கு மீறித் துடித்தன; முன்பு வலிப்புக்குத் தரப்பட்ட ரெட்டிகபைன் என்ற மருந்து அதை அடக்கியது. 65 நோயாளிகளிடம் நடத்திய சோதனையிலும் நரம்பின் மிகைத்துடிப்பு குறைந்தது. முடிவு 2021-இல் வெளியானது. ஆனால் அந்த மருந்து ஆயுளை நீட்டும் என்று அந்தச் சோதனை நிறுவவில்லை. தட்டில் கல்லீரல் இல்லை, மூளைக்கும் ரத்தத்துக்கும் இடையிலான தடுப்பும் இல்லை. எழுபது வயதுக்காரரின் ரத்தத்திலிருந்து வந்த நரம்பணுவும் கருவிலிருக்கும் குழந்தையின் நரம்பணு போலத்தான் இருக்கும். அல்சைமர், பார்க்கின்சன் ஆய்வுகளுக்கு இது பெரிய தடை.

இனி இத்தகைய செய்திகளின் முதல் பத்தியிலேயே "இது சிகிச்சை அல்ல, மருந்துத் தேடல்" என்று அச்சிடுங்கள். ஆய்வுக்கு ரத்தம் தருவோர் கையெழுத்திடும் முன் மூன்றைக் கேட்க வேண்டும்: நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் என்ன, செல் வேறு நிறுவனத்துக்குப் போகுமா, பிறகு விலக நினைத்தால் அதை அழிப்பார்களா. இதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
செல் வளர்ப்புப் பணியில் உள்ளோர் சிலர்,
சேலம்.