கொதித்த தண்ணீர்

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மெல்பர்னிலிருந்து மாணவர்களாகச் சேர்ந்து தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போகிறோம், ஏப்ரல் 25, போரில் இறந்த ஆஸ்திரேலியச் சிப்பாய்களை நினைக்கும் ஆன்சாக் நாள், அன்று விடியலில் ஹெல்ஃபயர் கணவாயில் நிற்போம், ஆளுக்கு ஒரு சிப்பாயைப் பற்றித் தேடிப் படித்து அவர் கல்லறை முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்றாய். உனக்கு வந்திருப்பவர் இருபத்து மூன்று வயது ஆஸ்திரேலியப் பையன். காலராவில் போனவர். அதைச் சொல்லும்போதே உன் குரல் கம்மியது. பிறகு, "அம்மா, நம் வீட்டில் சயாம் சயாம் என்பார்களே, அது இதுதானா?" என்று கேட்டாய். இதுதான் கண்ணு. தாய்லாந்துக்கு அப்போது சயாம் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போர்க்கைதிகளையும் நம் ஆட்களையும் வைத்து அங்கிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதை இது.

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டத்தில் பால்மரம் சீவும் வேலை நின்றது, அரிசியும் நின்றது. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்றே மாதம் என்று சொல்லி லாரி ஏற்றினார்கள். என் தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே லாரியில் ஏறியவர்கள். தாத்தா மட்டும் திரும்பி வந்தார். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. அங்கே சதை மறுபடி வளரவே இல்லை. சிறுமியாக இருந்தபோது அதில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன். வழவழவென்று இருக்கும்.

சயாமைப் பற்றி அவர் வாய் திறந்தது குறைவு. ஆனால் வீட்டில் யார் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் கையில் வாங்குமுன், "கொதித்ததா?" என்பார். கல்யாண வீட்டிலும் கேட்பார், கோயிலிலும் கேட்பார். பாட்டிக்கு மானம் போகும். ஒருமுறை கொதித்தது போதாதென்று, ஆறியதைத் திரும்ப அடுப்பில் ஏற்றச் சொல்லுவார். நான் அதைக் கிழவனாரின் கிறுக்கு என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பிற்பாடு படித்தபோதுதான் புரிந்தது. 1943 மழைக்காலத்தில் அந்தக் காட்டுக் கூடாரங்களில் காலரா புகுந்தது. சிப்பாய்களின் கூடாரத்தில் கைதியாகவே இருந்த டாக்டர்கள், கொதிக்க வைக்காத தண்ணீரைத் தொடாதே என்று கட்டளை போட்டார்கள். தட்டைக்கூடக் கொதிநீரில் முக்கச் சொன்னார்கள். மருந்தில்லாமலும் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தார்கள். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் டாக்டரும் இல்லை, கட்டளை போட அதிகாரியும் இல்லை. ஆற்றில் குனிந்து குடித்தார்கள். 415 கிலோமீட்டர் ரயில்பாதை. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளில் ஏறக்குறைய 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் என்றும், அவர்களில் தொண்ணூறாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சிப்பாய்க்குக் கணக்கு, நமக்கு மதிப்பீடு.

இதைப் படித்துவிட்டு அங்கே போய் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்காதே. அந்தப் பையனுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை முழு மனதோடு செய். ஜப்பான்காரனுக்குத் தெரியாமல் இறந்தவர் பட்டியலை எழுதி, போத்தலில் அடைத்துப் புதைத்து வைத்தவர்கள் அந்தப் பையனின் கூட்டாளிகள். போர் முடிந்த கையோடு அதே பாதையில் திரும்பப் போய், 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நீகே முகாமில் எரிக்கப்பட்ட முந்நூறு பேரின் சாம்பல் காஞ்சனபுரியில் இரண்டே குழிகளில் இருக்கிறது. ஆனாலும் முந்நூறு பெயரையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நில். எனக்குப் பொறாமை வராமல் இல்லை. ஆனால் செத்தவனை இப்படித்தான் தேட வேண்டும் என்று அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கணவாயில் இருட்டோடு படியிறங்க வேண்டும், நல்ல செருப்பாகப் போடு. சடங்கு முடிந்ததும் காபியில் ரம் ஊற்றித் தருவார்களாம். உனக்கு வெறும் காபி போதும்.

காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மலர்வளையம் வைத்து முடிந்ததும், உன் ஆசிரியரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கு. பக்கத்திலேயே வாட் தாவோர்ன் என்ற கோயில் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த இடம் அது. 2023-இல் நம்மவர்களுக்கு அங்கே ஒரு நடுகல் வைத்தார்கள். கூட வரும் பிள்ளைகள் வருகிறேன் என்றால் அழைத்துப் போ. விளக்கம் சொல்லத் தமிழ் தெரிந்தவள் நீதானே.

அங்கே யார் பெயரைச் சொல்வது என்று கேட்பாய். அதுதான் என் குறை. தாத்தா கடைசிவரை "தம்பி" என்றே சொன்னார். நாங்களும் சின்னத் தாத்தா, சயாம் தாத்தா என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது சொல்ல யாரும் உயிரோடு இல்லை. தோட்டத்து ஆபீசில் ஆட்களின் பெயர் எழுதிய செக்ரோல் இருந்திருக்கும். தோட்டமே இப்போது வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. அதனால் நீயும் தம்பி என்றே சொல்.

பூ கிடைத்தால் வை. கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஆனால் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோய் அந்தக் கல்லின் காலடியில் ஊற்று. கடையில் வாங்கியதாக இருக்க வேண்டாம். ஓட்டல் அறையில் கெட்டில் வைத்திருப்பார்கள். முதல்நாள் ராத்திரியே போட்டு வை. இரண்டு தடவை கொதிக்கட்டும்.

அம்மா