ஆர்தர் லீயின் வரலாற்றை எழுதத் துணை நின்றோர்க்கு நன்றி

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரியோரே,

அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் அந்நாட்டின் தூதராக ஐரோப்பாவில் பணியாற்றிய, வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆர்தர் லீயின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்திருக்கும் இவ்வேளையில், உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் ஹார்வர்டு பல்கலைக்கழகம், வர்ஜீனியா பல்கலைக்கழகம், பிலடெல்பியாவிலுள்ள அமெரிக்கத் தத்துவக் கழகம் ஆகிய மூன்று இடங்களில் பிரிந்து கிடப்பதால், எது எங்கே இருக்கிறது என்று பொறுமையுடன் வழிகாட்டிய நூலகர்களுக்கே முதல் நன்றி உரியது. எடின்பரோவில் 1764இல் மருத்துவப் பட்டம் பெற லீ எழுதிய ஆய்வேடு, காய்ச்சலுக்கு மருந்தாகப் பயன்பட்ட சிங்கோனா மரப்பட்டையைப் பற்றியது. அக்கால மருத்துவத்தில் அதற்கிருந்த இடத்தை விளக்கிய மருத்துவ நண்பருக்கும் நன்றி.

பாரிஸ் அத்தியாயத்திற்குத்தான் நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். பெஞ்சமின் பிராங்கிளின், சைலஸ் டீன் ஆகியோருடன் லீயும் அமெரிக்கத் தூதராக இருந்து, 1778 பிப்ரவரி 6 அன்று பிரான்சுடனான உடன்படிக்கைகளில் கையொப்பமிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு பெர்லினில் அவருடைய தாள்களை பிரிட்டிஷ் தூதர் ஹியூ எலியட்டின் ஆட்கள் திருடியிருந்தார்கள். யாரையும் நம்பாதவர் என்று பலரும் லீயை வெறுத்தனர். அவருடைய சந்தேகங்களை மனநோய் என்றே சாடி பிராங்கிளின் எழுதிய கடிதம் ஒன்று அனுப்பப்படாமலே நின்றது. ஆயினும் தூதுக்குழுவுக்கு நெருக்கமான எட்வர்ட் பான்கிராஃப்ட் மீது லீ கொண்ட ஐயம் சரியானதே என்பதை, பான்கிராஃப்ட் பிரிட்டனின் ஒற்றராக இருந்ததைக் காட்டும் ஆவணங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெய்ப்பித்தன. இந்த நியாயத்தை லீக்கு வழங்கும்போது, நிதி முறைகேடு செய்ததாக அவர் குற்றம் சாட்டிய டீனுக்கு அநீதி இழைத்துவிடக் கூடாது என்று வலியுறுத்தி, டீனின் வாரிசுகளுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் 1842இல் இழப்பீடு வழங்கியதை எடுத்துக்காட்டிய வரலாற்றுப் பேராசிரியரை நான் நன்றியுடன் வணங்குகிறேன்.

நாடு திரும்பிய லீ 1781இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்கும், பின்னர் காங்கிரசுக்கும் தேர்வானார். 1785 முதல் 1789 வரை கருவூல வாரியத்தில் பணியாற்றினார். புதிய அரசியலமைப்பை அவர் எதிர்த்ததன் காரணங்களைத் தெளிவுபடுத்திய சட்ட ஆசிரியருக்கும், 1784இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் லீ அமெரிக்க அரசின் ஆணையராக இருந்து செய்த உடன்படிக்கையால் இரோக்குவா என்னும் பழங்குடி மக்கள் நிலம் இழந்ததைச் சுருக்கிவிடாமல் எழுதச் சொன்ன நண்பருக்கும் நன்றி கூறுகிறேன். லீயை முழு மனிதராக எழுத முடிந்தது உங்களால்தான்.

என்றும் நன்றியுடன்,
நூலாசிரியர்