பெயர்ப்பலகைக்கு ஆர்டர் தரும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் பெயர்ப்பலகை, பில் புக், கவர், ஸ்டிக்கர் என்று தர்மபுரியிலுள்ள எங்கள் அச்சகத்துக்கு வரும்போது, இனி முதலில் ஒரு கேள்வி கேட்போம். "இந்தப் பெயரை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டீர்களா?" வேலையைத் தள்ளிப்போடும் சாக்கு என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். காரணத்தைச் சொல்லவே இந்த மடல்.

அண்மையில் எங்களிடம் மசாலா கவர் அடித்த ஒருவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர் வைத்த பெயர் வேறொரு ஊரில் ஏற்கெனவே பதிவான பெயர். ஓர் எழுத்துதான் வித்தியாசம். கவர் வேலையில் கையைக் கடிப்பது சிலிண்டர், அதாவது டிசைனைச் செதுக்கிய அச்சு உருளை. நிறத்துக்கு ஒன்றாகச் செதுக்க வேண்டும், அந்தச் செலவு கட்டுப்படியாவதற்கு ரோல் ரோலாக அடிக்க வேண்டும். பெயர் மாறினால் பெயர் வரும் சிலிண்டரை மறுபடி செதுக்க வேண்டும். அடித்து வைத்த ரோல் அத்தனையும் குப்பைதான். வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் அவருக்கு இது வந்ததுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம்.

அவர் கேட்டதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள்: "ஜி.எஸ்.டி. சான்றிதழிலேயே இந்தப் பெயர் இருக்கிறதே?" ஜி.எஸ்.டி. வரி கட்டுவதற்கான பதிவு. உத்யம், சிறு தொழில் என்பதற்கான பதிவு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவுப் பாதுகாப்புக்கு. மூன்றும் கையில் இருந்தாலும் பெயர் உங்களுடையது ஆகிவிடாது. அதற்கு 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி டிரேட்மார்க் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவும் எல்லாத் தொழிலுக்கும் சேர்த்துக் கிடைப்பதில்லை. 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலா, மாவு, இனிப்பு 30-ஆம் வகுப்பு. ஊறுகாய், சமையல் எண்ணெய், நம் கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் எல்லாம் 29. ஓட்டல் 43.

தொழில் வேறு என்றால் ஒரே பெயர் இரண்டு பேரிடம் இருக்கலாம். ஓசூரைத் தாண்டினால் எங்கும் தெரியும் நந்தினி பால் 1985 முதல் கர்நாடகப் பால் கூட்டமைப்பின் பெயர். பெங்களூரில் நந்தினி டீலக்ஸ் ஓட்டல் 1989 முதல் நடக்கிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பால் வியாபாரம் வேறு, ஓட்டல் வேறு என்று 2018-இல் ஓட்டலுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. சரி, ஜெயித்தார்கள். ஆனால் டெல்லி வரை வழக்கு நடத்தும் தெம்பு புதுக் கடைக்கு எங்கிருந்து வரும்?

நம் பக்கம் அதிகம் பார்ப்பது வேறொரு பழக்கம். நன்றாக ஓடும் கடையின் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ', 'நியூ' அல்லது ஊர்ப் பெயரைச் சேர்த்துவிட்டால் வேறு பெயர் ஆகிவிட்டது என்று நம்புகிறோம். ஆகாது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 'இருட்டுக்கடை அல்வா' பழைய கடையின் பெயர். இன்னொருவர் 'திருநெல்வேலி' என்று முன்னால் சேர்த்து விற்றார், அந்தப் பெயருக்குப் பதிவும் வாங்கியிருந்தார். இருந்தும் 2015-இல் உச்ச நீதிமன்றம் பழைய கடையின் பக்கமே நின்றது. முதலில் அந்தப் பெயரில் தொழில் செய்து வருபவரின் உரிமை, பின்னால் வந்தவரின் பதிவை விடப் பெரியது என்றது. நீதிமன்றம் இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பார்ப்பதில்லை. அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வரும் சாதாரண ஆள் குழம்புவாரா என்றுதான் பார்க்கிறது.

அதனால் இரண்டு இடத்தில் தேட வேண்டும். ஒன்று, மத்திய அரசின் டிரேட்மார்க் இணையதளம். தேடுவதற்குக் கட்டணம் இல்லை. தமிழ்ப் பெயர்கள் அதில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும். 'அதியமான்' என்று தேடினால் 'எச்' போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை தேடுங்கள். ஒலிப்பை வைத்துத் தேடும் வசதியையும் பயன்படுத்துங்கள். இன்னொன்று, கடைத்தெரு. பதிவு செய்யாமலே நீண்ட நாளாக நடத்தும் கடை அந்த இணையதளத்தில் வராது. இருட்டுக்கடை தீர்ப்புப்படி அந்தக் கடைக்காரருக்கும் உரிமை உண்டு. கூகுள் மேப்பில் பாருங்கள், சரக்கு போடும் ஏஜென்ட்டுகளிடம் கேளுங்கள். எந்தெந்த ஊரில் என்ன பெயர் ஓடுகிறது என்று அவர்களுக்கு அத்துப்படி.

எப்படிப்பட்ட பெயர் நல்லது? 'தர்மபுரி புளி', 'சுத்தமான கேழ்வரகு மாவு' போன்றவை பொருளையும் ஊரையும் சொல்பவை. தனி உரிமை கிடைப்பது கடினம். முருகன், மாரியம்மன் என்று வைத்தால் மனசுக்கு நிறைவுதான், ஆனால் அதே பெயரில் இன்னொருவர் வந்தால் தடுப்பது சிரமம். நீங்களே உருவாக்கிய சொல், அல்லது தொழிலோடு சம்பந்தமில்லாத நல்ல தமிழ்ச் சொல், இவைதான் நிற்கும் என்பது எங்கள் கருத்து. இங்கே கிண்டிய பால்கோவாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்று லேபிள் கேட்டால் அடித்துத் தர மாட்டோம். அது புவிசார் குறியீடு பெற்ற பெயர், அதாவது அந்த ஊர்ப் பக்கம் செய்த பொருளுக்கு மட்டும் உரியது.

பெயர் முடிவானதும் விண்ணப்பித்துவிடுங்கள். தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். வக்கீல் கட்டணம் தனி. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவு வரும் வரை 'டி.எம்.' என்று போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' பதிவுக்குப் பிறகுதான். முன்பே போடுவது சட்டப்படி தவறு என்பதால் சான்றிதழைப் பார்த்துத்தான் அச்சிடுவோம். அப்புறம், பலகையில் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் வடிவமைத்துத் தருகிறோம்.

இணையத்தில் தேடத் தெரியாதவர்கள் கடைக்கு வாருங்கள், எங்கள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம். அதற்குக் காசு வேண்டாம். சந்தேகம் வந்தால் டிரேட்மார்க் பார்க்கும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள், டிசைனை அதுவரை எடுத்து வைத்திருப்போம். வரும்போது மனதில் இரண்டு மூன்று பெயர்களோடு வந்தால் வேலை சுலபம்.

அன்புடன்,
உங்கள் அச்சகத்தார்,
தர்மபுரி