ஒன்றரை மடங்கு வேகத்தில் படம் பார்க்கிறவனுக்கு

மன்னார்குடி,
23.01.2025

அன்புள்ள சேகர்,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து பத்து நாள் இருக்கும். கேட்டேன், சிரித்தேன், கோபமும் வந்தது, ஆனால் பதில் போட நேரமில்லை. சம்பா அறுத்தாயிற்று. அறுவடை மிஷின் எப்படியோ பொங்கலுக்கு முன்பே கிடைத்துவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே பொங்கல் கழித்து வந்த மழை எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போய்விட்டது. இப்போது நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவியலாகக் கிடக்கிறது. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், நம் நெல்லை மீட்டரில் போட்டால் இருபதைக் காட்டுகிறது. பகலில் பிரித்துக் காயவைக்கிறது, சாயங்காலம் கூட்டிப் படுதா போடுகிறது, இப்படியே நாலு நாள் ஓடிவிட்டது. ராத்திரிக் காவல் நான்தான். கயிற்றுக் கட்டில், கொசுவத்தி, பக்கத்துக் குவியலுக்குக் காவல் இருக்கும் பெரியவரின் குறட்டை. இந்த நிலையில் போனில் தட்டுகிற கடிதம் இது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷத்துப் படங்களை எல்லாம் ஓடிடியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு முடித்துவிட்டேன், ரெண்டரை மணி நேரப் படம் நூறு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது என்று பெருமையாகச் சொன்னாய். சொல்லிவிட்டுத் தீர்ப்பும் கொடுத்தாய். மகாராஜா சூப்பர், மெய்யழகன் இழுவை, கொட்டுக்காளியில் ஒன்றுமே இல்லை. மஸ்கட்டில் சைட் வேலை முடித்து அறைக்கு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆகிறது என்பது எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கல்யாணச் சாப்பாட்டை மிக்ஸியில் அடித்துக் குடித்துவிட்டு ரசத்தில் உப்பு இல்லை என்று சொன்னால் எப்படிடா?

மகாராஜா உனக்குப் பிடித்ததில் ஆச்சரியமே இல்லை. நீ பார்த்துவிட்டாய், கதையை உடைத்தே பேசலாம். சவரக்கடைக்காரன் ஒருத்தன் ஸ்டேஷனுக்குப் போய் என் வீட்டு லட்சுமியைக் காணவில்லை என்கிறான், யார் லட்சுமி என்றால் இரும்புக் குப்பைத்தொட்டி. ஜூன் மாதம் தியேட்டரில் அந்த இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் போகப்போகச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிட்டது. நித்திலன் சாமிநாதன் செய்த வேலை என்னவென்றால், பல வருஷ இடைவெளியில் நடந்த இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார், ஒரு திருடனும் இந்தச் சவரக்கடைக்காரனும் ஒரே காலத்தில் நடமாடுகிறார்கள் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். படம் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. திரும்பப் போய் யோசித்தால் நம்மிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. விஜய் சேதுபதிக்கு இது ஐம்பதாவது படம், அந்த ஆள் முக்கால்வாசிப் படம் சும்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அடி வாங்குகிறார், அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஐம்பதாவது படம் என்றால் அறிமுகப் பாட்டு கேட்கும் ஊர் இது, அந்த ஊரில் இது பெரிய துணிச்சல்.

எனக்கு உறுத்தியதும் இருக்கிறது. அந்தச் சவரக்கடைக்காரனின் பெண் பிள்ளைக்கு நடப்பதை, கடைசியில் இறக்குகிற துருப்புச் சீட்டாகப் பிடித்து வைத்திருந்தார்கள். திருப்பம் எவ்வளவு கெட்டியானதோ அவ்வளவுக்கு அந்தப் பிள்ளை கதைக்கு ஒரு சாமான் மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியை விட்டு எழுந்து வந்து அந்தத் திருடனை நேராகப் பார்த்து அவள் பேசுகிற இடம் இல்லையென்றால் நான் கோபத்தோடுதான் வெளியே வந்திருப்பேன். சிங்கம்புலியைக் குற்றவாளிகளில் ஒருத்தன் வேஷத்தில் போட்டது மட்டும் பலே. இத்தனை வருஷம் நம்மைச் சிரிக்க வைத்த முகம், அதனால் நம் கண்ணே அவரைச் சந்தேகப்படவில்லை. நவம்பர் 29-ம் தேதி சீனாவிலும் போட்டார்கள், அங்கேயும் நன்றாக ஓடியது. இதெல்லாம் வேகத்தில் பார்த்தாலும் தாங்கும், ஏனென்றால் முடிச்சுதான் படம், முடிச்சு அவிழ்ந்தால் போதும்.

மெய்யழகனுக்கு வா. இங்கேதான் உன்னோடு எனக்குச் சண்டை.

நீடாமங்கலத்தில் கல்யாணம் என்று படத்தில் வந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ரயில்வே கேட். உனக்கு வரவில்லையா? கும்பகோணத்துக்குப் படம் பார்க்கக் கிளம்பினால் பாதி உயிர் அந்தக் கேட்டில் போகுமே. ஒரு ரயில் போகும், கேட் திறக்காது, இன்ஜினைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டுவார்கள், அதுவரைக்கும் திறக்காது. ஒரு தீபாவளிக்கு முக்கால் மணி நேரம் நின்று, பஸ்ஸை விட்டு இறங்கி, வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்று, நீ உன் அக்கா கல்யாணம் நின்றுபோன கதையை முதன்முதலாக என்னிடம் சொன்னது அந்தக் கேட்டில்தான். அன்றைக்கு என்ன படம் பார்த்தோம் என்பது மறந்துபோய்விட்டது, பெயர் போடுவதைத் தவறவிட்டோம் என்பது மட்டும் தெரியும். நீ சொன்ன கதை ஒரு வரி மறக்கவில்லை.

பிரேம்குமார் எடுத்திருப்பது அந்த மாதிரி ஒரு நிறுத்தம். வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன குடும்பத்துப் பையன் இருபது வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வருகிறான், தலையைக் காட்டிவிட்டு ராத்திரியே கிளம்பிவிடலாம் என்று. பேர்கூடத் தெரியாத ஒரு சொந்தக்காரன் அத்தான் அத்தான் என்று ஒட்டிக்கொள்கிறான், பஸ் போய்விடுகிறது, ராத்திரி முழுக்கப் பேச்சு. அவ்வளவுதான் கதை. அந்த அரவிந்த்சாமிக்கு இவன் பேர் ஞாபகம் வரவில்லை, கேட்கவும் வெட்கம். நம் ஊர்க் கல்யாணத்தில் இது நடக்காத ஆள் உண்டா? மாமா சௌக்கியமா என்று கையைப் பிடித்துக்கொள்கிறவனிடம் ஈ என்று இளித்துவிட்டு, பொண்டாட்டியிடம் போய் யார் அது என்று கேட்காதவன் யார்?

நான் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை, வந்த அன்றைக்கே, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நீளம் நீளம் என்று எல்லோரும் சொல்லவே அந்த வார இறுதி கழிந்ததும் 18 நிமிஷத்துக்கு மேல் வெட்டிவிட்டார்கள். அப்புறம் ஒரு நாள் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை, நன்றாக அழுதாள். எனக்கு ராத்திரி சீக்கிரம் விடிந்துவிட்ட மாதிரி இருந்தது. முதல் தடவை, நடுவில் ஒரு இடத்தில் எனக்கே பொறுமை போய், போதும்டா தூங்குங்கடா என்று தோன்றியது வாஸ்தவம். ஆனால் அந்தச் சலிப்பும் சேர்ந்துதானே விருந்தாளி வீட்டு ராத்திரி? கொட்டாவி விட்டுக்கொண்டே உம் கொட்டி, அதற்கப்புறம் இரண்டு மணிக்கு மேல்தானே மனுஷன் உள்ளே இருப்பதைச் சொல்வான்? வெட்டியவர்கள் குற்றம் செய்தார்கள் என்று சொல்லவில்லை, போட்ட பணத்துக்குப் பதில் சொல்லவேண்டியது அவர்கள். நான் சொல்வது, பதினெட்டு நிமிஷம் போனதையே நான் இப்படிப் புலம்புகிறேன், நீ ஏறக்குறைய ஒரு மணி நேரத்தை மென்று முழுங்கிவிட்டு இழுவை என்கிறாய்.

கல்யாண மேடையில் தங்கச்சி காலில் அரவிந்த்சாமி கொலுசு மாட்டிவிடும் இடம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்தத் திருகாணியை ஒன்றரை மடங்கு வேகத்தில் திருகிப் பார், வரவே வராது. போன மாசி மாதம் என் மகளுக்கு நான் மாட்டும்போது கை நடுங்கி மூன்று தடவை கீழே விழுந்தது. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது.

கொட்டுக்காளி உனக்குப் பிடிக்காது என்று நானே பந்தயம் கட்டியிருப்பேன். இங்கே ஆகஸ்ட் 23-ம் தேதி வாழையும் அதுவும் ஒரே நாளில் வந்தன. கொட்டுக்காளிக்கு நான் போன காட்சியில் இருபது பேர் இருந்திருந்தால் அதிகம். பின்னணி இசை கிடையாது. ஷேர் ஆட்டோ சத்தம், காற்று, சேவல், சூரியின் கட்டிப்போன தொண்டை, அவ்வளவுதான் காதுக்கு. வேறு சாதிப் பையனை விரும்புகிற பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, குடும்பமே ஒரு சேவலோடு சாமியாரிடம் கூட்டிப்போகிறது. அந்தப் பெண்ணாக வரும் அன்னா பென் வாயே திறப்பதில்லை என்று சொல்லலாம். நடு ரோட்டில் ஒரு காளை வழிமறித்து நிற்கும், இத்தனை மீசைகளுக்கும் கிட்டப் போகப் பயம், ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். வினோத்ராஜ் அதற்கு ஒரு வசனம் எழுதவில்லை, நல்லவேளை. படம் சட்டென்று நின்றதும் எனக்கு முன் வரிசையில் ஒருத்தர் எழுந்து நின்று, "படம் முடிஞ்சுதா, இல்ல கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் வண்டி எடுக்கப் போகும் வழியெல்லாம் அந்தாளே மற்றவர்களிடம், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற அந்தச் சூரி கடைசியில் மனசு மாறுவானா மாட்டானா என்று வாதாடிக்கொண்டு வந்தார். படம் அவரிடம் வேலை செய்திருக்கிறது, தெரியாமலே.

வாழையில் உன் பேரில் ஒரு பையன் வருகிறான், கமல் ரசிகன். கதையின் முக்கியப் பையன் சிவனைந்தன் ரஜினி ரசிகன். நம் பஞ்சாயத்து அப்படியே. நீ இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனால் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். 1999-ல் தூத்துக்குடிப் பக்கம் வாழைத்தார் லாரி கவிழ்ந்து கூலிக்குப் போனவர்கள் செத்ததிலிருந்து மாரி செல்வராஜ் பண்ணியது. தார் சுமந்த கழுத்தின் வலியை எடுத்த விதம் பிரமாதம், பூங்கொடி டீச்சர் பகுதி எனக்குக் கொஞ்சம் அதிகம். கடைசியில் பசியோடு ஓடிவருகிற பையன் சோற்றுப் பானையிடம் போகும்போது எனக்குப் பின்னால் ஒரு அம்மா சத்தமாகவே, "பிள்ளைக்கு ஒரு வாய் சோத்தைக் குடுங்கடி" என்றாள். யாரும் உஷ் என்று சொல்லவில்லை.

சண்டைப் படங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், அவையும் என்னைச் சீக்கிரம் விடவில்லை. கங்குவாவில் ஆளாளுக்குக் கத்தி, தியேட்டரை விட்டு வெளியே வந்த பிறகும் காதில் ரைஸ்மில் ஓடியது. தயாரிப்பாளரே ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வையுங்கள் என்று தியேட்டர்காரர்களிடம் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. சூர்யா உழைத்த உழைப்பு தெரிகிறது, ஆனால் எல்லோரும் எப்போதும் உச்சத்திலேயே இருந்தால் எங்கே ஏறி எங்கே இறங்குவது? வேட்டையனில் என்கவுன்டர் தப்பு என்று ஞானவேல் சொல்ல வருகிறார், அமிதாப்பை வைத்து ஒழுங்காகவும் சொல்கிறார், ஆனால் துப்பாக்கியைத் தூக்கினால் விசில் பறக்கும்படிதான் ரஜினியையும் காட்டுகிறார். கையை ஓங்கிக்கொண்டே அடிக்கக் கூடாது என்பது மாதிரி.

அமரன் மட்டும் வேறு. முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதை, மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரில் ஷோபியானில் இறந்தார், அசோக் சக்ரா கொடுத்தார்கள், பேப்பரில் படித்ததுதான். இருந்தும் அவர் மனைவியாக வரும் சாய் பல்லவிக்குப் போன் வரும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது. சண்டைகள் சின்னச் சின்ன வீடுகளுக்குள், சந்துகளுக்குள் நடக்கின்றன, யார் எங்கே நிற்கிறார்கள் என்று நமக்குப் புரிகிறது. இது சாதாரணமாகத் தோன்றும், ஆனால் இப்போது வரும் பாதிச் சண்டைகளில் யார் யாரை அடிக்கிறான் என்றே தெரிவதில்லை. குறை என்றால், அந்தக் காஷ்மீர்க்காரர்கள் கல்லெறிகிற கூட்டம், துப்புச் சொல்கிறவன் என்று வந்துபோகிறார்களே தவிர, அவர்களுக்கும் ஒரு அடுப்படி இருக்கும் என்று படம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு என்ன பார்த்தேன் என்று கேட்டாயே, அஜித்தின் விடாமுயற்சி தள்ளிப்போனதில் மச்சினனுக்கு மூட் அவுட், அவனைச் சமாதானப்படுத்த மதகஜராஜா கூட்டிப்போனேன். 2013 பொங்கலுக்கு வரவேண்டியது, பன்னிரண்டு வருஷம் பெட்டியில் கிடந்துவிட்டு வருகிறது. பழைய சோறு மாதிரி, அதற்கென்று ஒரு ருசி. சந்தானம் பேசப் பேச ஊரே சிரிக்கிறது. மனோபாலா திரையில் வந்ததும் பாதிப் பேர் கைதட்டினார்கள், நான் தட்டப் போய் நிறுத்திவிட்டேன், அவர் 2023-லேயே போய்விட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

விடாமுயற்சிக்கு பிப்ரவரி 6 என்று தேதி போட்டிருக்கிறார்கள். உனக்கு லீவு அந்த வாரம்தான் தொடங்குகிறது என்றாய். மன்னை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டுச் சொல், ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டுவருகிறேன். கும்பகோணத்திலேயே பார்ப்போம், பஸ்ஸில் போவோம், கேட்டில் நிற்போம், பப்ஸ் உன் செலவு. மெய்யழகனை அதற்குள் இன்னொரு தடவை, சாதாரண வேகத்தில், முடிந்தால் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு வா. அப்பவும் இழுவை என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

அம்மாவைப் போன வாரம் பார்த்தேன், முட்டிவலி தேவலை, நீ அனுப்பிய தைலத்தைவிட உன் போன்தான் வேலை செய்கிறது என்றார்கள். பக்கத்துப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, தூறல் விழுகிறது தம்பி என்கிறார். படுதா ஒரு மூலையில் விலகிக் கிடக்கிறது, போய்ப் பார்க்கிறேன்.

உன்,
முருகேசன்