பக்கத்து வீட்டு சைரனும் பெருங்காய டப்பாவில் ஒரு சாவியும்

நங்கநல்லூர்,
சென்னை

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இன்லண்ட் லெட்டரில் மடிப்பு ஓரம் வரைக்கும் நுணுக்கி நுணுக்கி எழுதி அனுப்புகிற ஆள் இன்றைக்கு நீ ஒருத்திதான் இருப்பாய். முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரை ஓரங்கட்டிவிட்டு நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபிக்கு வருகிற பெண்ணைத் திட்டாதே. வலிக்கிறது என்று மடக்காமல் விட்டால் அப்புறம் மடங்கவே மடங்காது. என் அக்கா பட்ட பாடு உனக்குத் தெரியும்.

போன தடவை போனில் பேசும்போது, "என்னடி, பகல் பதினொரு மணிக்கு இப்படிக் கொட்டாவி விடறே?" என்று கேட்டாய். பக்கத்து வீட்டு அலாரம்தான் காரணம். போனில் சொல்லி முடியாது என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு டீச்சரம்மாவை நீ பார்த்திருக்கிறாய். என் பையன் கல்யாணத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் சரியில்லை என்று குறை சொன்னாரே, அவர்தான். மருமகளுக்குப் பிரசவம் என்று ஏப்ரலில் டல்லாஸுக்குப் போனார். போவதற்கு முன்னால் மகன் வந்து வீடு முழுக்க அலாரம் மாட்டிவிட்டான். ஹாலில் ஒரு சென்சர், மாடிப்படியில் ஒன்று, கதவுகளில் காந்தப் பட்டை, வெளிச்சுவரில் சிவப்பு விளக்கோடு ஒரு சைரன். அந்தச் சைரன் நேராக என் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது. நடுவில் ஒரு காம்பவுண்டு சுவரும் ஒரு முருங்கை மரமும், அவ்வளவுதான்.

முதல் தடவை அடித்தபோது ராத்திரி மணி இரண்டு. இத்தனை வருஷம் மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைக்கு மேல் போனாலும் புரண்டுகூடப் படுக்காதவள் நான். இது வேறு மாதிரி சத்தம். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பல் கூசுகிற மாதிரி. இவர் எழுந்து தடியைத் தேடுகிறார், எதிர்வீட்டுக்காரர் பனியனோடு கேட்டுக்கு வந்துவிட்டார், மாடியில் குடியிருக்கிற நர்ஸ் பெண் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். தெருவே கூடிவிட்டது. கேட்டில் போட்ட பூட்டு போட்டபடி இருக்கிறது, வாசல் கதவும் சாத்தியபடி இருக்கிறது. திருடன் உள்ளே இருக்கிறானா, சுவர் ஏறிப் போய்விட்டானா, வரவே இல்லையா, யாருக்கும் தெரியாது. நாய்கள் வேறு அதோடு சேர்ந்து ஊளை. நின்று நின்று பார்த்துவிட்டு, அது தானாக ஓய்ந்த பிறகு எல்லோரும் போய்ப் படுத்தோம். அடுத்த ராத்திரி கொஞ்சம் பேர் வந்தார்கள். ஒரு வாரம் போனதும் யாரும் எழுந்தே வரவில்லை, ஜன்னலை அடைத்துக்கொண்டார்கள். திருடன் உண்மையாகவே வந்திருந்தால் சைரனை அடிக்கவிட்டு நிதானமாக பீரோவை உடைத்திருக்கலாம். எங்கள் தெருவில் யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டோம்.

டீச்சரம்மா மகனுக்கு வாட்ஸ்அப்பில் போன் செய்தேன். இங்கே ராத்திரி இரண்டு என்றால் அங்கே முந்தின நாள் பிற்பகல் மூன்றரை. ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தான். "ஆன்ட்டி, கேமராவுல பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல, நீங்க தூங்குங்க" என்றான். தூங்கச் சொல்கிறான்! கோபம் வந்தாலும் அவனைத் திட்ட மனசு வரவில்லை. டவுசர் போட்ட வயசிலிருந்து பார்க்கிற பிள்ளை. அவனுக்கு அது போனில் ஒரு சின்ன 'டிங்', எனக்குத்தான் சைரன்.

எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சுவர் ஏறிக் குதித்து, வெளியே இருக்கிற ஈ.பி. பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். நிற்கும் என்று பார்த்தால், ஒரு நொடி நின்று, மறுபடி இன்னும் ஆங்காரமாகப் பிடித்துக்கொண்டது. எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது. நாம் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரி ரூம் ஞாபகமிருக்கிறதா? செல்லுக்கு 2 வோல்ட், 24 செல், மொத்தம் 48 வோல்ட், அந்த ஆசிட் வாடை. ஊரே இருட்டாகக் கிடந்தாலும் போர்டில் விளக்கு எரியும், நாம் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக்கொண்டிருப்போம். இதுவும் அதே ஏற்பாடுதான், சின்ன அளவில். உள்ளே இருக்கிற பெட்டிக்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்று, வெளிச்சுவர் சைரனுக்குள் தனியாக இன்னொன்று. உள்பெட்டியிலிருந்து வருகிற கம்பியில் மின்சாரம் நின்றுபோனால், திருடன் கம்பியை வெட்டிவிட்டான் என்று எடுத்துக்கொண்டு சைரன் தானாகவே கத்தும். அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஃபியூஸைப் பிடுங்குகிறவன் பக்கத்து வீட்டுக்காரனா திருடனா என்று அதற்கு எப்படித் தெரியும்?

பழைய பழக்கம் விடவில்லை. நைட் டூட்டி லாக் புத்தகம் மாதிரி ஒரு நோட்டுப் போட்டு, எப்போது அடிக்கிறது, அப்போது கரண்ட் இருந்ததா என்று எழுதி வைத்தேன். மே மாதத்துப் புழுக்கத்தில் தெருவில் எல்லா ஏ.சி.யும் ஓடி, நடுராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது இல்லையா, அப்போதெல்லாம் அடித்திருக்கிறது. அது புரிந்தது, உள்பெட்டி பேட்டரி செத்துவிட்டது. ஆனால் கரண்ட் ஒழுங்காக இருந்த ராத்திரிகளிலும் அடித்தது. அதுதான் பிடிபடவில்லை.

100-க்கும் அடித்தோம். ரோந்து வண்டி சீக்கிரமே வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த ஏட்டு மரியாதையாகப் பேசினார். டார்ச் அடித்துப் பூட்டை இழுத்துப் பார்த்தார், பின்பக்கம் போய் கிரில்லைப் பார்த்தார். "வெளியூர் போறப்ப ஸ்டேஷன்ல சொல்லிட்டுப் போனாங்களாம்மா?" என்று கேட்டார். சொல்லவில்லை. "சாவி யார்கிட்ட இருக்கு?" பெரம்பூரில் டீச்சரம்மாவின் நாத்தனாரிடம். "அப்ப நாங்க உள்ள போய் நிறுத்த முடியாதும்மா. கதவை உடைச்சா அது வேற வம்பு." நியாயம்தானே.

சட்டம் என்ன சொல்கிறது என்று மருமகனிடம் கேட்டேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளை எடுத்து அனுப்பினான். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45. அதைவிடப் பத்து டெசிபல் கூடினால் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், சென்னை மாதிரி ஊரில் போலீஸ் கமிஷனருக்கு. அந்தச் சைரன் அட்டையில் 110 டெசிபல் என்று போட்டிருக்கிறது. அது ஒரு மீட்டர் தூரத்துக்கு. தூரம் இரட்டிப்பாக இரட்டிப்பாக ஆறு ஆறாகக் குறையும் என்பார்கள். என் ஜன்னலுக்கு வரும்போதும் 90-க்குக் கீழே இறங்கியிருக்காது. விதி முழுக்க என் பக்கம்தான். ஆனால் அந்த விதியைப் படித்தால் கோயில் குழாய் ஸ்பீக்கர், கல்யாண மண்டபம், பட்டாசு, ஜெனரேட்டர் இதெல்லாம்தான் கண் முன்னால் வருகிறது. ஆளில்லாத வீட்டில் மெஷின் தானாகக் கத்தினால் யாரைப் பிடித்து நிறுத்துவது? அதுவும் முப்பது வருஷமாகக் கறிவேப்பிலையும் சாம்பாரும் கைமாறுகிற வீட்டின் மேல் கமிஷனருக்கு மனு எழுதினால், டீச்சரம்மா திரும்பி வந்த பிறகு நான் எந்த முகத்தோடு தயிர் உறை கேட்பேன்?

அப்போதுதான் நீ மகளோடு இங்கிலாந்தில் இருந்தபோது எழுதியது ஞாபகம் வந்தது. மகள் அலாரம் மாட்டியதும் எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவியிடம் ஒரு சாவியும் ரகசிய எண்ணும் கொடுத்து வைத்தாள், உனக்குத்தான் பயமாக இருந்தது என்று எழுதியிருந்தாய். அதையும் மருமகனையே பார்க்கச் சொன்னேன். அங்கே 2005-இல் இதற்கென்றே ஒரு சட்டப் பிரிவு கொண்டுவந்திருக்கிறார்கள். உள்ளூர் கவுன்சில் விரும்பினால் ஒரு பகுதியை அறிவிக்கலாம். அந்தப் பகுதியில் அலாரம் வைத்திருக்கிறவர்கள் சாவி வைத்திருக்கும் ஒருவர் பெயரைக் கவுன்சிலில் பதிந்தாக வேண்டும். விடாமல் இருபது நிமிஷமோ, விட்டு விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலோ அடித்து அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவானால், அதிகாரி வந்து நிறுத்தலாம். கதவை உடைத்துப் போவதென்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும்.

இதைப் படித்ததும்தான் எனக்கு விஷயம் தெளிவாயிற்று. சைரன் யாருக்காக அடிக்கிறது? டல்லாஸில் இருக்கிறவனுக்கு இல்லை, அவனுக்குப் போன் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் ஓடி வருவார்கள் என்று நம்பித்தான் அது வெளிச்சுவரில் இருக்கிறது. ஆக, எங்களைக் கேட்காமலே எங்களைக் காவலுக்கு வைத்துவிட்டான். காவலுக்கு வைத்தவன் கையில் சாவியைக் கொடுக்க வேண்டாமா? நிறுத்துகிற எண்ணைச் சொல்ல வேண்டாமா? இதை அப்படியே டீச்சரம்மாவிடம் சொன்னேன், மகனிடம் இல்லை. அவருக்கு உடனே புரிந்தது. "அய்யய்யோ, இவ்வளவு நாளா தூங்கலையா? அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று பதறிப்போய், அன்றைக்கே நாத்தனாரிடம் பேசி, சாவி என் வீட்டுக்கு வந்துவிட்டது.

அலாரம் மாட்டிய பையனையும் வரவழைத்தார்கள். நானும் கூடவே போனேன், வேடிக்கை பார்க்க. உள்பெட்டியைத் திறந்தால் பேட்டரி வயிறு உப்பிக் கிடக்கிறது. அதிலிருந்து ஐந்து பேருக்குப் போன் போக வேண்டும் என்று ஒரு சிம் கார்டு வேறு போட்டிருக்கிறார்கள். ரீசார்ஜ் முடிந்து எத்தனை நாளாயிற்றோ, அது யாரையும் கூப்பிடவே இல்லை. அப்புறம் ஏணி போட்டு ஹால் சென்சரைப் பார்த்தான். மூலையில், சரியாக அதன் வெள்ளை முகத்துக்குக் கீழே, ஒரு குண்டுப் பல்லி. அதைச் சுற்றிப் புழுக்கை. சென்சர் ஆளைப் பார்ப்பதில்லையாம், உடம்புச் சூடு நகர்கிறதா என்று பார்க்கிறது. பத்தடி தூரத்தில் மனுஷன் நடந்தால் எப்படியோ, முகத்தின் மேலேயே பல்லி ஊர்ந்தாலும் அதற்கு அப்படித்தான். பல்லி விழும் பலன் போட்ட பஞ்சாங்கக்காரர்கள் சென்சரில் பல்லி ஏறும் பலனையும் சேர்த்துவிடலாம், பலன்: பக்கத்து வீட்டுக்குத் தூக்கமின்மை.

பேட்டரி மாற்றினான். சென்சரைத் துடைத்து, மூலையை விட்டுத் தள்ளி மாட்டினான். சைரனுக்கு நேர வரம்பே வைக்கவில்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தான். ஐந்து நிமிஷத்தில் நிற்கும்படி வைக்கச் சொன்னேன். "ஓனரைக் கேக்கணும்மா" என்றான். "ஓனர் தூங்கிட்டிருக்கார், அங்க ராத்திரி" என்றேன். வைத்துவிட்டான். சாயங்காலம் டீச்சரம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

இவருக்கு மட்டும் ஒரு கவலை. "நாளைக்கு அங்க ஏதாவது காணாமப் போனா சாவி நம்மகிட்ட இருக்குன்னு நம்மளத்தானே கேப்பாங்க?" கேட்பார்கள்தான். அதனால் சாவியை வாங்கும்போதே ஒரு கண்டிஷன் போட்டேன். அலாரம் அடித்தால் நானும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்துதான் உள்ளே போவோம், போவதற்கு முன்னால் மகனுக்கு ஒரு மெசேஜ், வெளியே வந்ததும் ஒன்று. பூட்டு உடைந்திருந்தாலோ உள்ளே வெளிச்சம் தெரிந்தாலோ வீட்டுக்குள் கால் வைக்க மாட்டோம், 100-தான். சாவியை யார் கண்ணிலும் படாமல் அடுக்களையில் பெருங்காய டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது அது மணக்கிறது.

உன் எதிர்வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு துபாய்க்குப் போகிறார்கள், அலாரம் மாட்ட ஆள் வந்து அளவெடுத்துப் போனான் என்று எழுதியிருந்தாய் இல்லையா? வெட்கப்படாமல் இப்போதே போய்ப் பேசு. மாட்டிய பிறகு பேசினால் சண்டை மாதிரி ஆகிவிடும். சாவி நாகர்கோவிலுக்குள்ளேயே யாரிடமாவது இருக்கட்டும், உன்னிடம் என்றால் உன் மூட்டைப் பார்த்து யோசித்துக்கொள். சைரனை உன் ஜன்னல் பக்கம் வைக்காமல் ரோட்டைப் பார்த்து வைக்கச் சொல். எத்தனை நிமிஷத்தில் நிற்கும் என்று அந்தப் பையனிடம் கேட்டு, உன் எதிரிலேயே ஒரு தடவை அடித்துக் காட்டச் சொல். போலீஸ் ஸ்டேஷனில் வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல், அதற்குக் காசு கிடையாது.

மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி எல்.கே.ஜி. போகிறாள், தினமும் வாசலில் அழுகை. இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தை மாதம் நம் செட் பெண்கள் எல்லோரும் ஒரு நாள் கூடலாம் என்று பேச்சு அடிபடுகிறது, மைலாப்பூரிலா தாம்பரத்திலா என்பதில்தான் இன்னும் வாய்ச்சண்டை. உன் முட்டிக்கு மாடி ஏறாத இடமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடு, கீழ் பெர்த்தாகப் பார். வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் தேங்காயெண்ணெயில் வறுத்ததாக ஒரு கிலோ. டீச்சரம்மாவும் அதற்குள் வந்துவிடுவார், அவருக்கும் கால் கிலோ தனியாகக் கட்டு.

அன்புடன்,
கமலா