உயிருள்ள சரக்கை உயிரோடு தாருங்கள்: கொழும்புத் தீவன வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். என் மச்சான் புத்தளம் பக்கம் அறுநூறு முட்டைக் கோழி வளர்க்கிறார். அவருக்கு வேண்டிய மருந்து, விற்றமின், தீனில் கலக்கிற பவுடர் எல்லாவற்றையும் புறக்கோட்டையில் வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிடுவது ஏழெட்டு வருடமாக என் பொறுப்பு. முன்பெல்லாம் புரோபயோட்டிக், அதாவது குடலுக்கு நல்லது செய்கிற உயிருள்ள கிருமிகள் கொண்ட பவுடர் என்றால் உங்கள் கடை மூலையில் இரண்டு பக்கட் கிடக்கும். இப்போது ஒரு தட்டு முழுக்க அதுதான். கோழிக்கு, மாட்டுக்கு, பன்றிக்கு, சிலாபத்து இறாலுக்கு என்று தனித்தனியாக அடுக்கி வைத்திருக்கிறீர்கள்.

இந்த மாற்றம் எனக்குச் சந்தோஷம். நோய் இல்லாத கோழிக்கும் கொஞ்சம் அன்டிபயோட்டிக் போட்டால் சீக்கிரம் எடை வைக்கும் என்று உலகம் பல பத்தாண்டுகள் தீனில் கலந்தது. கடைசியில் மனிதனுக்கு வருகிற கிருமிக்கே மருந்து கேட்காமல் போகிற நிலைமை வந்தது. சுவீடன் 1986இலேயே அந்தப் பழக்கத்தை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் முற்றாகத் தடுத்தது. ஆரோக்கியமான விலங்குக்கு வளர்ச்சிக்காக அன்டிபயோட்டிக் கொடுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் 2017இல் சொல்லிவிட்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தப் பக்கட்டுகள் வருகின்றன.

வேலையும் செய்யும். பின்லாந்தில் நூர்மி, ரன்டாலா என்ற இரண்டு ஆய்வாளர்கள், வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்து அன்று பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குஞ்சுகளில் சல்மனெல்லா என்ற நோய்க்கிருமி எளிதில் ஒட்டவில்லை. இது 1973இல் வெளியான ஆய்வு. யோசித்தால் நம் வீட்டு முற்றத்தில் நடப்பதும் அதுதான். அடைகாத்த கோழியோடு திரிகிற குஞ்சு, தாய் கிளறிய மண்ணைக் கொத்தியே நல்ல கிருமிகளைக் குடலில் குடியேற்றிவிடும். நல்லது முதலில் இடம் பிடித்துவிட்டால் கெட்டதற்கு ஒட்ட இடமில்லை. இன்குபேட்டரில் பொரித்துப் பெட்டியில் வருகிற குஞ்சு தாயைக் கண்டதே இல்லை. தாய் கொடுக்க வேண்டியதைத்தான் நீங்கள் பக்கட்டில் விற்கிறீர்கள்.

அதனால்தான் போன சித்திரையில் கண்டது மனதைக் குடைகிறது. கடையின் பெயர் வேண்டாம். ஒரு கிலோ வெள்ளிப் பக்கட் வாயைத் திறந்தபடி மேசையில் இருந்தது. பையன் தேக்கரண்டியால் அள்ளி, ஐம்பது ஐம்பது கிராமாக நிறுத்து, பொலித்தீன் பையில் போட்டு, ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டினான். மேலே பேனாவால் ‘குடல் பவுடர்’ என்று எழுதினான். வேறு ஒன்றும் இல்லை. மின்விசிறி கூட இல்லாத அந்த அறையில் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் திறந்து கிடக்கிற உயிருள்ள கிருமி எப்படித் தாங்கும்?

வெள்ளிப் பக்கட்டில் ஈஸ்ட் என்று போட்டிருந்தது. ஈஸ்ட்டும் உயிருள்ள கிருமிதான், உயிரோடு இருந்தால் சீனித் தண்ணீரில் நுரைக்கும். வீட்டுக்கு வந்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீனி கரைத்து அந்தப் பவுடரில் ஒரு கரண்டி போட்டேன். பக்கத்துக் கிளாசில் பாணுக்குப் போடுகிற ஈஸ்ட். கால் மணித்தியாலத்தில் பாண் ஈஸ்ட் நுரைத்து மேலே வந்துவிட்டது. மற்றது அடியில் சேறு மாதிரிப் படிந்து கிடந்தது. ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன், ஒரு குமிழி வரவில்லை. செத்த ஈஸ்ட்டும் முற்றாக வீண் இல்லை, அதன் மேலோடு குடலுக்கு உதவும் என்று அதைத் தனியாகவே விற்கிறார்கள். சரி, ஆனால் மச்சான் காசு கொடுத்தது உயிருள்ளதற்கு.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதாக நான் நினைக்கவில்லை. ஒரு கிலோ வாங்கச் சின்னப் பண்ணைக்காரருக்கு வசதி இல்லை, அதனால்தான் பிரிக்கிறீர்கள். அப்படியென்றால் ஐம்பது, நூறு கிராம் பக்கட்டாகவே அடைத்து அனுப்பும்படி உற்பத்தி செய்கிறவர்களிடம் கேளுங்கள். மொத்தமாக இறக்குமதி செய்கிற உங்களுக்கு அவர்கள் காது கொடுப்பார்கள், எனக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அப்புறம், பக்கட்டில் என்ன இருக்கிறது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். பொத்தாம் பொதுவாக ‘நல்ல பக்டீரியா’ என்றால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. பசில்லஸ் என்ற பக்டீரியா வகை வித்து மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும், தீனைச் சின்னக் கட்டிகளாக (பெல்லட்) அழுத்துகிற சூட்டையும் தாங்கும். லக்டோபசில்லஸ் அப்படி இல்லை, பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் போய்விடும். என்டரோகொக்கஸில் சில வகைகள் அன்டிபயோட்டிக் எதிர்ப்பைச் சுமந்து திரியக்கூடியவை, ஆகவே இனத்தின் பெயரோடு வகை எண்ணும் வேண்டும். உயிருள்ள கிருமிகளின் எண்ணிக்கையையும் முழுசாக எழுதுங்கள். 10க்கு மேல் பொடி எழுத்தில் 6 என்றால் கிராமுக்குப் பத்து இலட்சம், 9 என்றால் நூறு கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம் அந்தச் சின்ன இலக்கத்தில் கிடக்கிறது, மச்சானுக்கோ கண்ணாடி போட்டாலும் அது தெரியாது. அந்த எண்ணிக்கை அடைத்த அன்றைக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று, வாங்க வருகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் கலக்க வேண்டாம், அன்டிபயோட்டிக் கொடுக்கிற நாட்களில் மிருக வைத்தியரைக் கேட்காமல் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அவை நல்ல கிருமியையும் கொன்றுவிடக்கூடும். எனக்கு இதை எந்தக் கடையிலும் யாரும் சொன்னதில்லை. மச்சான் ஒரு வருடம் அன்டிபயோட்டிக்கையும் இந்தப் பவுடரையும் ஒரே வாளியில் கலக்கி ஊற்றினார். பிறகு, ‘இந்தப் பவுடரெல்லாம் பொய்’ என்று மறுபடி அன்டிபயோட்டிக் பக்கமே போனார். பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கும் அதையே சொன்னார். அவரைத் திருப்பிக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம் அவருக்குப் புதுக் குஞ்சுகள் இறங்குகின்றன. அதற்கு முன் ஐஸ் போட்ட ஒரு சின்னப் பெட்டியோடு புறக்கோட்டைக்கு வருவேன். உடைக்காத பக்கட், அதில் வகை, எண்ணிக்கை, திகதி மூன்றும் யார் கடையில் இருக்கிறதோ, அங்கே வாங்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13